டிசம்பர் ரெண்டாவது ஞாயிறு: ஏற்காட்டில் குழந்தைகள் நினைவு விளக்கு ஏற்றலாமா?

சேர்வராயன்_வாசி:
இறந்த குழந்தைகள் நினைவா உலகம் முழுக்க டிசம்பர் ரெண்டாவது ஞாயிறு, அந்தந்த ஊர் நேரப்படி ராத்திரி 7 மணிக்கு, ஒரு மணி நேரம் விளக்கேத்துற வழக்கம் 1997லேர்ந்து இருக்கு. சேலம், ஏற்காடு பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களைக் கூப்பிட்டு அதே நாள்ல செய்யலாம்னு திட்டம். 30 குடும்பம் வரலாம். ஏரிக்கரையில திறந்தவெளியில வைக்கலாமா?

அஸ்தம்பட்டி_குமார்:
வேண்டாம் சார். டிசம்பர்ல 6 மணிக்கே இருட்டிடும், பனிமூட்டம் வேற. முடிஞ்சதும் சேலம்காரங்க 20 கொண்டை ஊசி வளைவையும் இருட்டுல இறங்கணும். அழுது ஓய்ஞ்ச கையோட அந்த ரோட்டுல வண்டி ஓட்டச் சொல்றது சரியில்லை. மேலதான் வேணும்னா மதியம் 3 மணிக்கு ஒரு ஹால்ல வச்சு 5க்குள்ள அனுப்பிடுங்க. 7 மணிதான் முக்கியம்னா சேலத்துலயே மண்டபம் பாருங்க.

விளக்குக்கு அகல்தான் நல்லது. புது அகலை முதல் நாளே தண்ணியில ஊறப்போட்டு எடுத்துக் காயவைங்க. இல்லேன்னா மண்ணே எண்ணெயைக் குடிச்சு, அடியில கசிஞ்சு விரிப்பெல்லாம் பாழாகும். தாம்பாளத்துல மணல் பரப்பி அதுமேல வைங்க. தேங்காயெண்ணெய் கூடாது, 24 டிகிரிக்குக் கீழ உறைய ஆரம்பிச்சிடும். மலையில அது நிச்சயம். நல்லெண்ணெய் ஊத்தி, ரெண்டு திரியைச் சேர்த்து முறுக்கிப் போடுங்க. பிள்ளை பேரை வாசிக்கும்போது விளக்கு மலையேறிட்டா பெத்தவங்களுக்கு எப்படி இருக்கும்? அதனால ஃபேனை நிறுத்திடுங்க, எண்ணெய் ஊத்தவே தனியா ஒருத்தர் நிக்கட்டும். மெழுகுவத்தி ஏத்துற குடும்பத்துக்கு அதுவும் இருக்கட்டும்.

மல்லிகா_அக்கா:
பேர் வாசிக்கிறதுதான் நிகழ்ச்சியே. மேடைப் பேச்சு, பொன்னாடை, தலைமை தாங்குறவர் எதுவும் வேண்டாம்.

பேரை வீட்டுல கூப்பிட்ட மாதிரியே வாசிக்கணும். முந்தின வாரமே போன்ல கேட்டு எழுதிக்கோங்க. எந்த எழுத்தை அழுத்திச் சொல்லணும்னும் குறிச்சுக்கோங்க. பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போன குழந்தைன்னா எப்படிச் சொல்லணும்னு அம்மாகிட்டயே கேளுங்க. "பேர் இல்லை"ன்னு விட்டுடாதீங்க, அவங்க வந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். ஒரு பேருக்கு 15 விநாடி, அதுக்குள்ள அந்தக் குடும்பம் விளக்கேத்தும். 30 பேருக்கு ஏழரை நிமிஷம்தான் ஆகும், அவசரமே இல்லை. அகர வரிசையில போங்க, வயசு வரிசை வேண்டாம். வாசிக்க ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நிக்கணும். ஒருத்தருக்குத் தொண்டை அடைச்சா அடுத்தவர் அதே பேர்லேர்ந்து தொடரணும்.

பதிவு பண்ற தாள்ல "எப்படி இறந்தது"ங்கற கட்டமே இருக்கக் கூடாது. படத்துக்கு மாலை, பொட்டு நீங்களா வைக்காதீங்க. சில வீட்டுல இன்னும் மனசு வந்திருக்காது.

ஓமலூர்_செல்வி:
மல்லிகாக்கா சொன்னதோட: வருஷம் திரும்பாத வீட்டுல வர மாட்டேன்னா வற்புறுத்தாதீங்க, பேரை மட்டும் வாங்கி வாசிச்சுடுங்க. கூடப்பிறந்த பிள்ளைங்களை ஓரமா விளையாட அனுப்பாம, விருப்பப்பட்டா அவங்க கையாலயே விளக்கேத்தச் சொல்லுங்க. வாசல்ல நிக்கிற தொண்டர்களுக்கு முன்னாடியே சொல்லி வைங்க: "இன்னொண்ணு பெத்துக்கலாம்", "கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்" ரெண்டும் வாயில வரக் கூடாது. ரொம்ப உடைஞ்சு போறவங்களுக்கு டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416 எழுதின சீட்டு குடுங்க.

சேர்வராயன்_வாசி:
நன்றி. சேலத்துலயே மண்டபம் பாக்குறோம். மைக் வேணுமா?

மல்லிகா_அக்கா:
சின்ன ஸ்பீக்கர் போதும், ஆனா வேணும். வாசிக்கிறவங்க குரல் கம்மிட்டா கடைசி வரிசைக்குப் பேர் கேக்காது.