அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர்: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் தம் விருப்பப்படி மாற்றங்கள் செய்து, பரிசுக்காக அல்லாமல் ஓட்டும் கலையைக் கற்பதற்காகவே பந்தயத் தடத்துக்கு வருகிற அமெச்சூர் ஓட்டுநர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் தடம் இருக்கும் மாநிலத்தில் இப்படியொரு நூல் தமிழில் இல்லாமல் இருப்பது குறைதான். வண்டியின் உரிமையாளர் ஆங்கிலக் கையேட்டைப் படித்துக்கொள்வார். அவருடைய மெக்கானிக்குகளும் தடத்தோரம் கொடி காட்டும் மார்ஷல்களும்தான் தமிழில் கேட்கிறார்கள்.

பிரேக், கியர், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டேன். அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்ற இணைக்கு மட்டும் தமிழ்ச்சொல் வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்கிறார். ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கமாக அகன்று போவது முன்னது. பின்பகுதி வெளியே வீசப்பட்டு, கேட்டதற்கும் மேலாக வண்டி உள்நோக்கித் திரும்பிவிடுவது பின்னது. 'குறைத்திருப்பம்', 'மிகைத்திருப்பம்' என்று வரைவில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கருத்துச் சொல்லுங்கள்.

பணிமனை நடத்துபவர், கோவை

வணக்கம் அம்மா. உங்கள் சொற்கள் படிக்க நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை ஓட்டுநரின் கையைத் தவறான பக்கம் கொண்டுபோய்விடும் என்று அஞ்சுகிறேன்.

என் பணிமனையில் பழைய மாருதி எஸ்டீம்களைத் தடத்துக்காக மாற்றித் தருகிறோம். எவரும் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்றதில்லை. ஆயினும் எடை குறைந்த அந்த வண்டியில்தான் இங்கே பலர் தொடங்குகிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்க, இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்களே என்பதால், புதியவர் வேகமாக வளைவுக்குள் நுழைந்தவுடன் முன்பக்கம் அகன்று போகும். அப்போது அவர் என்ன செய்கிறார்? வண்டி திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புகிறார். ஏற்கெனவே தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்ட டயர், அதனால் இருந்த பிடியையும் இழக்கிறது. வண்டி உள்ளே வந்த பிறகு முன்டயரைத் தொட்டுப் பார்த்தால் வெளி விளிம்பு மட்டும் கொதிக்கும். ரப்பர் அங்கே திரிதிரியாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நடுப்பகுதியோ புதிது போல இருக்கும். கற்றுத்தர வேண்டியது இதற்கு நேர்மாறான செயல்: ஆக்ஸிலேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சற்று நேர்நோக்கித் திரும்பக் கொடுத்து, முன்டயருக்குப் பிடி மீளும்வரை பொறுக்க வேண்டும்.

'குறைத்திருப்பம்' என்று ஒருவனிடம் சொன்னால், திருப்பியது குறைவு, இன்னும் திருப்பு என்றுதானே அவன் காதில் விழும்? முன்சறுக்கு, பின்சறுக்கு என்று வையுங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

இயந்திரவியல் ஆசிரியர், திருச்சி

கோவை நண்பர் சொன்ன ஆபத்து உண்மையானது. இருந்தாலும் 'சறுக்கு' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அண்டர்ஸ்டியர் என்பது சறுக்கத் தொடங்கிய பிறகு வரும் நிலை மட்டும் அன்று. வளைவில் செல்லும் எந்த டயரும் தான் நோக்கும் திசையிலேயே உருள்வதில்லை. ரப்பர் நெளிவதால், நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுகிறது. முன்டயர்களில் அக்கோணம் பின்டயர்களைவிடப் பெரிதானால் அண்டர்ஸ்டியர், பின்டயர்களில் பெரிதானால் ஓவர்ஸ்டியர். 1930களில் மாரிஸ் ஓலி போன்ற பொறியாளர்கள் இவற்றை ஆராய்ந்தபோது அளக்க முனைந்தது இந்த வேறுபாட்டைத்தான். வீட்டிலிருந்து கடைக்கு நிதானமாகப் போகிற கார்கூட அநேகமாகச் சிறிதளவு அண்டர்ஸ்டியருடன்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். அங்கே எதுவும் சறுக்கவில்லை.

வண்டியை மாற்றுகிறவருக்கு இந்த நுட்பம் தேவை. வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரை முன்பக்கத்தில் தடிமனாக்கினால் வண்டி சாய்வது குறைகிறது. கூடவே முன் அச்சில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் சுமை கூடுகிறது. சுமை இரு மடங்கானால் டயரின் பிடி இரு மடங்காவதில்லை. ஆகையால் அந்த அச்சின் மொத்தப் பிடி குறைந்து அண்டர்ஸ்டியர் வளர்கிறது. பின்பக்கப் பாரைத் தடிமனாக்கினால் மறுதலை நிகழும். ஒரு மில்லிமீட்டர் மாற்றம்கூட வண்டியின் குணத்தை ஓரளவு நகர்த்தும். சறுக்கு என்பது இரண்டிலொன்றாக, உண்டு அல்லது இல்லை என்று நிற்கும் சொல். நமக்கு வேண்டியது கூடவும் குறையவும் இடந்தரும் சொல்.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை

அன்பர்களே, இருவர் சொன்னதையும் ஏற்று, அம்மையாரின் சொல்லில் ஓரெழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று கருதுகிறேன். திருப்புதல் பிறவினை, திரும்புதல் தன்வினை. ஓட்டுநர் திருப்புகிறார், வண்டி திரும்புகிறது. குறைந்தது ஓட்டுநரின் செயல் அன்று, வண்டியின் செயல் என்பதைத் தமிழ் ஒரு மெய்யெழுத்திலேயே காட்டிவிடும்போது அதை ஏன் இழக்க வேண்டும்? 'குறைதிரும்பல்', 'மிகைதிரும்பல்' என்று கொள்க. நூற்குற்றம் பத்தில் முதலில் நிற்கும் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்ற இணையைப் பின்பற்றிக் குன்றத் திரும்பல், மிகைபடத் திரும்பல் என்றாலும் பொருந்தும்.

இங்கே வல்லினம் மிகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைதிரும்பல் வினைத்தொகை, குறைந்த, குறைகின்ற, குறையும் திரும்பல் என மூன்று காலத்துக்கும் பொது. குறைகடத்தி என்றும் குறைக்கடத்தி என்றும் பாடநூல்கள் இருவகையாக எழுதி வரும் குழப்பம் நம் கையேட்டில் வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். மிகைக்கோடல், குறைக்கோடல் என்று அமைத்தால், முன்னும் பின்னும் ஒத்து நிற்கும் நடுநிலை வண்டிக்கும் நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. 'அமைந்தொருபால் கோடாமை' என்று வள்ளுவர் 118ஆம் குறளில் துலாக்கோலை உவமையாக்கிச் சான்றோருக்குச் சொன்னது, நான்கு டயர்களுக்கும் பிடி ஒப்பப் பகிர்ந்து நிற்கும் வண்டிக்கு அப்படியே பொருந்துகிறது. கோடாமை என்பதைக் கலைச்சொல்லாக ஏற்பீர்களானால் பெரிதும் மகிழ்வேன்.

மேலும், ஸ்டீயரிங் என்று எழுதுவதைவிடச் சுக்கான் என்று எழுதலாமே. அரபியிலிருந்து கடலோடிகள் வழி வந்த சொல்தான். ஆனால் தமிழ் அதைத் தனதாக்கிக்கொண்டு நெடுங்காலமாயிற்று.

பணிமனை நடத்துபவர், கோவை

ஐயா, ஏட்டில் ம்-க்கும் ப்-க்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. சைலன்ஸர் மாற்றிய நான்கு வண்டிகள் வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் ஓரத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போது, ஹெல்மெட்டுக்குள் இருப்பவனிடம் நான் கத்திச் சொல்ல வேண்டிய சொல் இது. திரும்பலா திருப்பலா என்று அவனுக்குக் கேட்காது. 'முன்', 'பின்' என்பது கேட்கும். கோடல் என்று சொன்னால் என் பையன்கள் வரைகோட்டை நினைப்பார்கள். உண்மையைச் சொன்னால், அண்டர்ஸ்டியர் என்ற சொல்லே அவர்கள் எல்லாருக்கும் தெரியும். தமிழ்ச்சொல் அதைவிடத் தெளிவாக இருந்தால்தான் புழங்கும்.

பொறியாளர், லண்டன்

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்து இங்கே குடியேறியவன் நான். முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை இங்குள்ள தடங்களில் ஓட்டுகிறேன். 1989இல் வெளிவந்த அந்தக் கார் ஒரு டன்னுக்கும் குறைந்த எடை கொண்டது. எஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரங்கள், எடையோ முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒப்ப நிற்கிறது. பேராசிரியர் ஐயாவின் கோடாமைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் அதே வண்டியில் ஈரத் தடத்தில் வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரைச் சிறிது அதிகமாக மிதித்தால் பின்பக்கம் உடனே வெளியே வரும். மிதிக்காமல் வேகமாக நுழைந்தால் முன்பக்கம் அகலும். ஒரே வளைவில் இரண்டும் நிகழலாம். எனவே ஓட்டுபவருக்கு எவ்வளவு திரும்பியது என்பதைவிட எந்த முனை விட்டுப் போகிறது என்பதே உடம்பில் முதலில் உறைக்கும் செய்தி. முன்பக்கம் போகும்போது ஸ்டீயரிங் கையில் இலேசாகிவிடும். பின்பக்கம் போகும்போது இருக்கையில் இடுப்பு அதை உணரும்.

பழைய போர்ஷ் 911இன் கதையும் இதையே காட்டுகிறது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், வளைவின் நடுவே அஞ்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் சுமை முன்னுக்கு மாறி, பின்டயர்கள் பிடியிழந்து, வண்டி சுழன்றுவிடும். 1969 மாடலில் பின்சக்கரங்களைப் பின்னுக்கு நகர்த்தி, அச்சுகளுக்கிடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். முன்சக்கர உந்துதல் உள்ள பெஜோ 205 ஜி.டி.ஐ.யிலும் திடீரெனக் காலை எடுத்தால் பின்பக்கம் வருவதைப் பலர் பட்டறிந்திருக்கிறார்கள். இங்கெல்லாம் ஓட்டுநர் கூடுதலாக எதையும் திருப்பவில்லை, காலைத்தான் எடுத்தார். அப்படியிருக்க, திருப்பத்தை அடியாகக் கொண்ட சொல் அவருடைய தவறு எங்கே நேர்ந்தது என்பதை மறைத்துவிடும்.

சறுக்கு வேண்டாம் என்று திருச்சி ஆசிரியர் சொன்னது சரி. முன்விலகல், பின்விலகல் என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். விலகல் சிறிதாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம். டயரின் அந்தச் சிறு கோணத்தை விலகுகோணம் என்றே சொல்லிவிடலாம். முன்டயரின் விலகுகோணம் கூடினால் முன்விலகல் என்று வரையறையும் தானாக அமைகிறது.

இயந்திரவியல் ஆசிரியர், திருச்சி

முன்விலகல், பின்விலகல் எனக்கு உடன்பாடு. விலகுகோணத்துக்கு உடன்பட மாட்டேன். ஒளி ஒரு ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது ஏற்படும் ஒளிவிலகலைப் பள்ளியிலேயே படுகோணம், விலகுகோணம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். மாணவன் ஸ்னெல் விதியைத் தேடிப் போவான்.

பொறியாளர், லண்டன்

எங்கட பாடநூல்களில் அது ஒளிமுறிவு, முறிகோணம். ஆகவே இலங்கை மாணவருக்கு விலகுகோணம் வெற்றிடமாகத்தான் இருக்கிறது. கடலுக்கு இருபுறமும் இரண்டு கலைச்சொல் மரபுகள் தனித்தனியே வளர்ந்ததன் விளைவு இது. இணைந்து ஒரு சொல்லைத் தேர்கிற வாய்ப்பு கிடைக்கும்போது தமிழகப் பாடநூலை மட்டும் அளவுகோலாகக் கொள்வது முறையா என்று பணிவுடன் கேட்கிறேன்.

இயந்திரவியல் ஆசிரியர், திருச்சி

முறையன்று. ஆனால் இந்தக் கையேடு செட்டிபாளையத்தில் படிக்கப்படப் போகிறது. டயர்க்கோணம் என்று வைத்தால் இருபுறமும் யாருக்கும் தடையில்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. முன்விலகல், பின்விலகல் என்பவற்றைக் கையேட்டில் இடுகிறேன். முதன்முறை வருமிடத்தில் அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்ற சொற்களும் உடன் வரும். டயர்க்கோணத்தையும் ஏற்கிறேன். கோவை நண்பர் சொன்ன கை, கால் பயிற்சியைச் சொல்லின் விளக்கத்தோடு சேர்த்து எழுதுகிறேன். ஸ்டீயரிங் அப்படியே இருக்கட்டும். தடத்தில் எவரும் சுக்கான் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நடுநிலை வண்டிக்கு இதுவரை எதுவும் முடிவாகவில்லை. 'சமநிலை' என்று தற்காலிகமாக எழுதுகிறேன்.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை

பெரும்பான்மையை மதிக்கிறேன், என் மறுப்பைப் பதிவு செய்யவும் விரும்புகிறேன். முன்விலகல் எந்த முனை போகிறது என்பதைச் சொல்கிறது, வண்டி எவ்வளவு திரும்பியது என்பதைச் சொல்லவில்லை. நான்கு டயர்களும் ஒருசேர விலகி வண்டி முழுவதும் பக்கவாட்டில் நகரும்போது, முன்விலகலும் பின்விலகலும் ஒருங்கே நிகழ்ந்தன என்பீர்களா, இரண்டும் இல்லை என்பீர்களா? ஆசிரியர் தந்த வரையறைப்படி இரண்டும் இல்லை. சொல்லைக் கேட்பவனுக்கோ இரண்டும் உண்டு. குறைதிரும்பல், மிகைதிரும்பல் என்றால் அந்த முரண் எழாது. சமநிலை என்ற சொல் வேதியியலிலும் இயற்பியலிலும் ஏற்கெனவே பல வேலைகள் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்கள் இருப்பதால், கோடாமையை அம்மையார் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணிமனை நடத்துபவர், கோவை

ஐயா, நான்கும் போனால் 'வண்டி போகிறது' என்போம். அம்மா, விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பின்விலகலின்போது பிரேக்கைத் தொடக்கூடாது, காலையும் சட்டென்று எடுக்கக்கூடாது, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைக் கொடுக்க வேண்டும். சொல் எதுவானாலும் அந்த வரி விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.