மறுமொழி: ‘தன்னார்வக் கணிமை’க்கு மாற்றுச்சொல் – கணிக்கொடை

வணக்கம் அண்ணை,

> வேற்றுலக உயிர்த் தேடலுக்கு வீட்டுக் கணினியைக் கொடுப்பதற்கும், ஆட்கள் இருந்து தரவு பார்ப்பதற்கும் ‘தன்னார்வப் பணி’ என்ற ஒரே சொல் போதும்தானே?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுக்கப்படும் பொருளே வேறு: ஒன்றில் கணினியின் நேரம் (இதைத்தான் ‘தன்னார்வக் கணிமை’ என்கிறோம்), மற்றதில் ஆளின் கவனம்.

வேற்றுலக உயிர்களின் சைகையை வீட்டுக் கணினிகளால் தேடிய செற்றி அற் ஹோம் (SETI@home) திட்டத்தை எடுங்கள். 1999 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. புவேர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ வானொலித் தொலைநோக்கி 1420 மெகாஹேர்ட்ஸை ஒட்டிப் பதிந்த வானொலி இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கி வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டில் 107 செக்கன் தரவு. வானத்தில் ஓர் இடம் அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க ஏறக்குறைய 12 செக்கன் ஆகும். ஆகவே அங்கிருந்து சைகை வந்தால் அந்த நேரத்துக்குள் மெல்ல ஏறி மெல்ல இறங்கவேண்டும். பக்கத்து ரேடார் இரைச்சல் அப்படி வராது. இதைத் தேடுவது முழுக்கக் கணினியின் பாடு, ஆள் நித்திரை கொள்ளலாம்.

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை ஆட்கள் தேடும் பிளனெற் ஹன்டர்ஸ் (Planet Hunters) திட்டம் அப்படியல்ல. 2010 இல் கெப்ளர் விண்கலத்தின் தரவோடு தொடங்கி, இப்போது டெஸ் விண்கலத்தின் தரவோடு நடக்கிறது. விண்மீனின் ஒளி புள்ளி புள்ளியாகத் திரையில் வரும். கோள் ஒன்று குறுக்கே போனால் சில புள்ளிகள் கீழே இறங்கும். அதைக் கண்தான் பிடிக்கவேண்டும். கிளிநொச்சியில் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை திரையில் விரலை வைத்து, “சேர், ரெண்டு பள்ளம் இருக்கு, ஆனா ஒரே ஆழம் இல்லை” என்றாள். அருமையான கவனிப்பு! பள்ளங்கள் ஒன்றுவிட்டு ஒன்று ஆழம் மாறி வந்தால், அது பெரும்பாலும் கோள் அல்ல, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்.

ஆட்கள் இப்படித் தரவு பார்ப்பதற்கு ‘அறிவியல் சிரமதானம்’ என்று சொல்லலாம், சிரமதானம் என்றால் உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. காலபோக நெல் விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்க ஊர் கூடுகிறதே, அதேபோல இங்கேயும் ஆளும் நேரமும்தான் முதல். ‘சிரமம்’ என்றால் கஷ்டம் என்று தமிழ்நாட்டு வாசகர் எடுப்பார் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். முதல் தடவை ஒரு வரியில் விளக்கிவிட்டால் சரி. வன்னியில் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

கணினி செய்வதற்கு ‘கணிக்கொடை’. ‘இரவல் கணிமை’ என்ற முன்மொழிவும் நல்லதுதான், கணினி நம்மிடமேதான் இருக்கிறது. ஆனால் இரவல் கொடுத்தது திரும்பி வரவேண்டும். இங்கே எரிந்த கரண்ட் திரும்பாது. சித்திரை வெயிலில் தகர அறைக்குள் கணினியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள், சூடும் மின்பட்டியலும் சேர்ந்து ஏறும். அதனால் இப்படிக் கணினியைக் கொடுக்க உதவும் போயின்க் (BOINC) மென்பொருளில் பயன்பாட்டைப் பாதியாகக் குறைத்து, வகுப்பு நேரத்தில் மட்டும் ஓடவிடுகிறோம். செற்றி அற் ஹோம் 2020 மார்ச்சோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது, எங்கள் கணினிகளில் ஓடுவது ஐன்ஸ்ரைன் அற் ஹோம் (Einstein@Home) என்ற இன்னொரு திட்டம். அது உயிரைத் தேடுவதில்லை, துடிவிண்மீன்களை, அதாவது வேகமாகச் சுழன்று சீரான துடிப்பாகச் சைகை தரும் விண்மீன்களைத் தேடுகிறது. 2010 இல் அரசிபோ தரவுக்குள் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை வீட்டுக் கணினிகள்தான். உலகம் செற்றிக்குக் கணினி கொடுக்கத் தொடங்கிய காலத்தில் வன்னிக்கு மின்சாரமே இல்லை. இன்று நாமும் கொடுக்கிறோம் என்பதைச் சொல்ல, ‘கொடை’ என்ற சொல் எனக்கு வேண்டும்.

கணினிக்கு வரும் துண்டை ‘வேலை அலகு’ என்று எழுதுகிறார்கள். மீற்றர், செக்கன் எல்லாம் அலகு என்று படித்த பிள்ளை குழம்பும். ‘பங்கு’ போதும். “ஒரே பங்கை இரண்டு கணினிக்கு அனுப்பி விடையை ஒப்பிடுவார்கள்” என்றால் வேறு விளக்கம் தேவையில்லை.

மறுப்பு இல்லாவிட்டால் மூன்றையும் பாடக்குறிப்பில் சேர்க்கிறேன். விண்மீனின் ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் படத்துக்கு ‘ஒளிவரைபு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அதற்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.