அரிசி ஆலையில 6 வருசம்: பிடிச்ச ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு கட்டப்படேல்லை, என்ன செய்யலாம்?

குளக்கட்டு:
இலங்கையில பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலை, 18 பேர் வேலை. நெல் அவிக்கிற ஒருத்தரை 6 வருசத்துக்குப் பிறகு போன மாசம் நிப்பாட்டிப்போட்டினம். நாள் கூலி 2,000. அதில 8% பிடிச்சவை, ஆனால் அவற்ற பேரில ஒண்டும் கட்டேல்லை. "நாள் கூலிக்கு ஒண்டும் இல்லை" எண்டு முதலாளி சொல்லுறார். உண்மையோ?

ஏ9 வீதி:
பொய். 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்க ஈ.பி.எஃப். சட்டம் நாள் கூலி, துண்டுக் கூலி, தற்காலிகம் எல்லாருக்கும் பொருந்தும். முதலாளி 12%, தொழிலாளி 8%. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3% முழுக்க முதலாளி கட்ட வேணும். மாசம் 25 நாள் எண்டால் 50,000. அதில ஈ.பி.எஃப். 10,000உம் ஈ.டி.எஃப். 1,500உமாய் 11,500 ரூபாய் மாசாமாசம் போயிருக்க வேணும். முந்தின வருசங்களுக்கு அந்தந்த வருசக் கூலியைப் போட்டுப் பாருங்கோ. ஓ.டி. காசு இந்தக் கணக்கில வராது, சாப்பாட்டுக் காசு வரும். ஈ.பி.எஃப். பிந்தினால் 5% தொடங்கி 50% வரை மேலதிகக் கட்டணமும் முதலாளியின்ர தலையில.

கூலியில பிடிச்ச 8% தொழிலாளியின்ர சொந்தக் காசு. அதைக் கட்டாமல் வைச்சிருக்கிறது களவு.

நெல்லுமூட்டை:
பணிக்கொடையை, அதாவது வேலை முடிஞ்சு போகேக்க முதலாளி குடுக்க வேண்டிய காசை, விட்டிடாதேங்கோ. 5 வருசம் முடிஞ்சால் உரித்து. நாள் கூலிக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் கூலி, கடைசியாய் வாங்கின கூலிப்படி: 14 × 2,000 × 6 = 168,000. 30 நாளுக்குள்ள குடுக்க வேணும்.

பணிக்கொடைக்கு 15 பேராவது வேலை செய்திருக்க வேணும், முதலாளிமார் இழுக்கிற இடம் இந்த ஆக்கணக்கு. 15 பேர் இல்லை எண்டுவினம், ஆலையை இரண்டு பேரில பதிஞ்சு காட்டுவினம். வேலை நிப்பாட்டினதுக்கு முந்தின 12 மாசத்தில ஏதாவது ஒரு நாள் 15 பேர் நிண்டிருந்தால் போதும். மாசி, பங்குனியில காலபோக நெல் வரேக்க வேலைக்கு நிண்டவையின்ர பேரெல்லாம் எழுதி எடுங்கோ.

குளக்கட்டு:
சம்பளச் சீட்டு ஒருநாளும் குடுக்கேல்லை. அவர் எழுதின கொப்பிதான் இருக்கு.

ஏ9 வீதி:
திகதி, வேலைநாள், வாங்கின காசு, பிடிச்ச காசு அதில இருந்தால் நல்ல சாட்சி. "நாளைக்கு விடிய 4 மணிக்கு வா" எண்டு வந்த வட்ஸ்அப் குரல்பதிவையும் அழிக்காதேங்கோ. கூட வேலை செய்த இரண்டு பேர் கையெழுத்து வைச்சால் இன்னும் பலம்.

ஆலைப் பலகையில இருக்கிற பேரும் பதிவுப் பேரும் அனேகமாய் வேற வேற. பிழையான பேருக்கு முறைப்பாடு போனால் மாசக்கணக்கில இழுபடும். சுவரில மாட்டியிருக்கிற பிரதேச சபை அனுமதிப்பத்திரத்தைப் படமெடுங்கோ.

முறைப்பாட்டை இரண்டு பிரதி எழுதி மாவட்டத் தொழில் அலுவலகத்தில குடுங்கோ. தமிழில எழுதினால் காணும். உங்கட பிரதியில திகதி முத்திரை வாங்காமல் வெளிய வராதேங்கோ. விசாரணைக்குப் பிறகும் முதலாளி கட்டாட்டில் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப்பணம் மாதிரி அறவிடலாம்.

நெல்லுமூட்டை:
இடையில கொஞ்சக் காசை நீட்டி "எல்லாம் தீர்ந்தது" எண்டு கையெழுத்துக் கேட்பினம், வைக்க வேண்டாம். வேலையால நிப்பாட்டினது பிழையெண்டால் அது தொழில் நியாய சபைக்குப் போற வேற வழக்கு. அதுக்குக் காலக்கெடு இருக்கு. இந்தக் கிழமையே ஆளைக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கோ.