‘கொன்றை’ திறக்கிறது, ஆனால் தளத்தில் 404

மூலிகைக் குறிப்புகளை மார்க்டவுன் (எளிய உரை வடிவம்) கோப்புகளாக வைத்திருக்கிறேன், மொத்தம் 380. இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டு ஒன்றோடொன்று இணைத்திருக்கிறேன். மேக் மடிக்கணினியில், அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில் எல்லா இணைப்பும் திறக்கிறது. போன வாரம் லினக்ஸ் சர்வரில் தளமாக ஏற்றினேன். பாதி இணைப்புகள் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை.

வேம்பு, ஆவாரை, துளசி சரி. கொன்றை, நொச்சி, கோரைக்கிழங்கு இல்லை. ஒரு ராத்திரி முழுக்க முழித்த பிறகுதான் புரிந்தது: ொ, ோ, ௌ வரும் பெயர்கள் மட்டும் உடைகின்றன. அதிலும் 2016க்கு முன் பழைய மேக்கில் உருவாக்கியவை மட்டும். ஹெக்ஸில் (எழுத்துகளின் யூனிகோட் எண்களாக) பார்த்தால் கோப்புப் பெயரில் ‘ொ’ இரண்டு குறியீடு (0BC6, 0BBE), இணைப்பில் ஒன்றே ஒன்று (0BCA). கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்!

கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் கிட் (Git) என்ற கருவியில் வைத்திருக்கிறேன். அதில், பெயர்களை ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றும் core.precomposeunicode அமைப்பை true ஆக்கினேன், பயன் இல்லை. அதே பெயரை மறுபடி தட்டச்சு செய்தால், மேக் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. கடைசியில் கொன்றையை ‘அஅ’ என்று மாற்றி, கமிட் செய்து (கிட்டில் பதிந்து), திரும்பக் ‘கொன்றை’ என்றே புதிதாகத் தட்டச்சு செய்து மாற்றினேன். சர்வரில் திறந்துவிட்டது. ஆனால் இப்படி இன்னும் 143 கோப்புகள் இருக்கின்றன. ஆங்கிலப் பெயருக்கு மாறச் சொல்லாதீர்கள், முகவரியில் தமிழ் வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

கிட் வரலாறு கெடாமல், இந்த 143 பெயர்களையும் ஒரே தடவையில் என்எஃப்சி (NFC, ‘ொ’ ஒற்றைக் குறியீடாக இருக்கும்) வடிவத்துக்கு மாற்ற யாராவது செய்து பார்த்த வழி இருக்கிறதா?