இருபது படிக்குப் பிறகு கையில் எவ்வளவு?

ஆர்கானிக் சிந்தெசிஸில் (எளிய கார்பன் பொருள்களிலிருந்து படிப்படியாக வினை நடத்திப் பெரிய மூலக்கூறைக் கட்டுவது) ஆராய்ச்சி செய்தவர்கள் லேப் அனுபவங்களைச் சொல்லலாமே என்று கேட்டிருந்தீர்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

என் கைடு முதல் நாள் பாடமெல்லாம் நடத்தவில்லை. கால்குலேட்டரை என் பக்கம் தள்ளி, "ஒவ்வொரு படியிலயும் 90 சதவீதம் யீல்டு, அதாவது பொருள், கைக்கு வருதுன்னு வை. இருபது படி முடிஞ்சா எவ்வளவு மிஞ்சும்?" என்றார். தட்டிப் பார்த்தேன்: 12 சதவீதம். "80 வந்தா?" ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். "சரி, போய் ஃப்ளாஸ்க் கழுவு" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கணக்கு உறைத்தது நான்காவது வருடம், 17ஆம் படியில். 40 கிராமில் தொடங்கியது 60 மில்லிகிராமாகச் சுருங்கியிருந்தது. ரோட்டாவேப்பில் (வேக்குவத்தில் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி) மாட்டிவிட்டு, வேக்குவம் நிலைக்கும்வரை நிற்காமல், டி.எல்.சி. தகட்டை (கலவையில் எத்தனை பொருள் என்று புள்ளிகளாகக் காட்டுவது) அயோடின் ஜாடியில் போடத் திரும்பினேன். குபுக்கென்று ஒரு சத்தம். கரைப்பானான டைக்குளோரோமீத்தேன் என் பொருளோடு பொங்கி மேலே ட்ராப்புக்குள் (பொங்குவதைப் பிடிக்கும் கண்ணாடிக் குமிழ்) ஏறிவிட்டது. பக்கத்து ஹூடில் (புகை உறிஞ்சும் மேடை) இருந்த சீனியர் அண்ணன் திட்டவில்லை. "எதையும் தொடாத. வேக்குவத்தை மெல்ல விடு" என்று மட்டும் சொன்னார். ட்ராப்பை அவரே கழற்றி அசிட்டோனால் மூன்று முறை அலசினார். அலசியதில் எனக்கு முன்னால் அதைப் பயன்படுத்திய யாருடைய மஞ்சள் பொருளோ சேர்ந்து வந்தது. மறுபடி காலம் (column, கலவையைக் குழாயில் விட்டுப் பிரிப்பது) போட்டேன். (காலம் போட்டே காலம் போய்விடும் என்பது எங்கள் லேபின் பழைய ஜோக்.) 41 மில்லிகிராம் திரும்பக் கிடைத்தது. என்.எம்.ஆரில் (மூலக்கூறை அடையாளம் காட்டும் சோதனை) கரைப்பான் எத்தில் அசிட்டேட்டும் கிரீசும் என் பொருளைவிட உயரமாக நின்றன. இன்றைக்கும் ட்ராப்பைக் கழுவாமல் ரோட்டாவேப்பில் கை வைக்க மாட்டேன்.

*

மேலே எழுதியவரைத் தொடர்ந்து நானும் ஒன்று சொல்கிறேன். எம்.எஸ்சி.யில் எங்களுக்கு ஆர்கானிக் எடுத்த சார் இப்போது இல்லை. 1972 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த இயற்கைப் பொருள் வேதியியல் மாநாட்டுக்கு இளம் ஆய்வாளராகப் போனவர். வைட்டமின் பி12 சிந்தெசிஸ் முடிந்ததை அமெரிக்க வேதியியலாளர் உட்வர்ட் அறிவித்தது அங்கேதான். ஹார்வர்டில் உட்வர்ட், சூரிக்கில் ஏஷன்மோசர், இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் நூறு பேர், பத்து வருடத்துக்கு மேல் உழைப்பு. (கறாராகச் சொன்னால் அவர்கள் எட்டியது பி12க்கு முந்தைய கட்டமான கோபைரிக் அமிலம், அங்கிருந்து பி12க்குப் போகும் வழி 1960லேயே தெரிந்திருந்தது.) சார் ஒவ்வொரு கட்டமைப்பையும் நோட்டில் வரைந்துகொண்டே வந்து, பாதியில் பின்தங்கி, பேனாவை மூடிவிட்டாராம்.

"உட்வர்ட்கிட்டப் பேசினீங்களா சார்?" என்று கேட்டோம்.

"தைரியம் வரலப்பா. அந்த நூறு பேர்ல ஒருத்தனா இருந்திருந்தா மூலக்கூறுல எந்த மூலையை என்கிட்டக் கொடுத்திருப்பாங்கன்னு ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் வர்ற வரைக்கும் யோசிச்சிட்டே வந்தேன்" என்றார்.

*

மேலே 60 மில்லிகிராமுக்கு அழுதவருக்கு: என் கதை நேர் எதிர். பிஎச்.டி. முடித்து ஒரு மருந்துக் கம்பெனியில் ப்ராசஸ் பிரிவில் (லேப் முறையைத் தொழிற்சாலை அளவுக்கு மாற்றும் பிரிவு) சேர்ந்தேன். முதல் மீட்டிங்கில் ஆறு படி ரூட்டைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அதில் நான்கு காலம், மைனஸ் 78 டிகிரி குளிரில் நடத்த வேண்டிய ஒரு படி. பிளான்ட் பார்க்கும் அண்ணாச்சி கடைசிவரை கேட்டுவிட்டு, "தம்பி, 200 கிலோவுக்கு இந்தக் காலத்தை எந்த ரூம்ல வைக்கப் போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம், காலம் போடாமல் படிகமாக்கியே சுத்தம் செய்யக் கரைப்பான்களை மாற்றி மாற்றிப் பார்த்ததுதான் என் ஆராய்ச்சி. ஒரு சனிக்கிழமை ஐசோப்ரோப்பனாலில் சூடாகக் கரைத்து, தண்ணீர் கொஞ்சம் விட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அடியில் வெள்ளை வெளேரென்று படிகம். டி.எல்.சி.யில் ஒரே ஸ்பாட். ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணாச்சியிடம் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஃபில்டர் ஆகுமா, இல்ல துணியை அடைக்குமா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.