ஆம்னி வேன், இரண்டு நாய்கள், மே மாதம்: காரைக்குடிப் பக்கம் சுற்றலாமா?

கண்டனூர்_மருமகள்:

வணக்கம். கோவையில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, அதனால் எங்களுக்கு லீவு என்றால் மே மாதம்தான். வீட்டுக்காரர் பழைய ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றி, ப்ளைவுட்டில் கட்டில் அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை தைத்து, அதற்குக் கேரவன் என்று பெயரும் வைத்துவிட்டார். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம் என்று சொந்த ஊர்ப் பக்கமே ஒரு வாரம் வண்டியில் தங்கிச் சுற்ற வேண்டுமாம். மாமனாரின் பூர்வீக வீடு பங்காளிகளுக்குப் பொதுவில் பூட்டிக் கிடக்கிறது.

கூட வருகிறவர்கள்: கருப்பன், மூன்று வயது சிப்பிப்பாறை, எதைக் கண்டாலும் ஓடுவான். பூமா, ஒன்பது வயது பக் (சப்பை மூக்கு நாய்), மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவாள். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது? திருமயம் கோட்டைக்குள் நாயை விடுவார்களா? கண்மாயில் குளிக்க வைக்கலாமா? வெயிலைப் பற்றிக் கேட்டால், "நான் பொறந்த ஊரு வெயிலு, என்னை என்ன செஞ்சிடும்" என்கிறார். அவரை ஒன்றும் செய்யாது, சரி. பூமாவை?

பொட்டல்காட்டான்:

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் பிறந்தது இந்த ஊரில். பூமாவின் மூக்கு இந்த ஊருக்குப் பிறக்கவில்லை. நாய்க்கு வேர்வை என்பது பாதத்தில் கொஞ்சம்தான். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியே பாதி அடைப்பு. அக்னி நட்சத்திரத்தில் பூமாவைக் கூட்டி வரவே வேண்டாம். அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

கருப்பன் வரலாம். ஆனால் நாளைத் தலைகீழாகப் போட வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து எட்டு மணிக்குள் சுற்றல் முடியணும். பிறகு ஐந்து மணிவரை நிழல்தான். தார் ரோட்டில் புறங்கையை வையுங்கள், ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால் நாயை அதில் நடக்க வைக்காதீர்கள். இன்னொன்று, ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் படுக்கிற நாய்க்கு வெயில் பாதி, எஞ்சின் சூடு பாதி. கருப்பனுக்குக் கட்டில் மேல் இடம் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே உட்காருங்கள்.

திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது, இப்போது தொல்லியல் துறை வசம். அவர்கள் விதிப்படி உள்ளே பிராணிகளுக்கு அனுமதி இல்லை. வாசலில் வண்டியில் பூட்டிவிட்டு 'பத்தே நிமிஷம்' என்று போய்விடாதீர்கள். வெளியில் 35 டிகிரி இருந்தாலே அரை மணியில் வண்டிக்குள் 50ஐத் தாண்டும். ஒருவர் மேலே ஏறுங்கள், ஒருவர் நாயோடு வெளியே மர நிழலில் இருங்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள்.

குடிக்கிற ஊரணி வேறு, வயலுக்குப் பாய்கிற கண்மாய் வேறு என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். செம்புறாங்கல் படி கட்டிய குடிநீர் ஊரணியில் நாங்களே காலை நனைக்க மாட்டோம். அங்கே நாயை இறக்கினால் ஊரே திரண்டு வரும், வருவதும் நியாயம். கண்மாய் மே மாதம் பெரும்பாலும் வறண்டிருக்கும். மடைக்குப் பக்கத்துக் குழியில் பச்சையாக நிற்கும் தண்ணீரை நாய் குடிக்கவே கூடாது. கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த முள் டயரையே குத்தும், பாதம் எந்த மூலைக்கு? நடந்து வந்ததும் நான்கு பாதத்தையும் விரலிடுக்கு வரை தடவிப் பாருங்கள்.

குன்றக்குடிப் பக்கம் போனால் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். அங்கே மயில் அதிகம். சிப்பிப்பாறை மோப்பத்தில் வேட்டையாடுகிற நாய் இல்லை, கண்ணால் வேட்டையாடுவது. ஓடுகிற எதையும் துரத்தும், கூப்பிட்டால் அந்த நேரம் காதே கேட்காது. மயிலைத் துரத்திக் கடித்து வைத்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

டல்லாஸ்_காரைக்குடியான்:

நாங்களும் ஆளுக்கொரு பக்கம் நாயைப் பிடித்துக்கொண்டு ஆர்வியில் (தங்கிச் சமைக்கிற வசதியுள்ள பெரிய வண்டி) சுற்றுகிறவர்கள்தான், அமெரிக்காவில். இங்கே ஆர்வி பார்க்கில் 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் கரண்ட், குழாய்த் தண்ணீர், கழிவு இறக்கக் குழி எல்லாம் உண்டு. அப்படி இருந்தும் கோடையில் ஏசியை நம்பி நாயை உள்ளே விட்டுப் போக எனக்கு மனசு வராது. பார்க்கில் கரண்ட் போனால் ஏசியும் போச்சு. பலர் சிம் போட்ட வெப்பமானியை உள்ளே வைத்து, சூடு ஏறினால் போனுக்குச் செய்தி வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள். உங்கள் ஆம்னியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இங்கும் நாயை எல்லா இடத்திலும் விடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நடைபாதை எதிலும் நாய் கூடாது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேலே கயிற்றோடு நடக்கலாம், பள்ளத்தாக்குக்குள் இறங்க முடியாது. தேசியப் பூங்காவில் கயிறு ஆறடிக்கு மேல் நீளக் கூடாது. அதனால் நாய் வைத்திருப்பவர்கள் பலர் பக்கத்திலுள்ள, கெடுபிடி குறைந்த நேஷனல் ஃபாரஸ்ட்டை (அரசுக் காடு) தேடிப் போவார்கள். இட்லிப் பானை மட்டும் எங்கள் வண்டியில் நிரந்தரம்.

தேவகோட்டை_கம்பவுண்டர்:

கால்நடை மருத்துவமனையில் வேலை, அதனால் இதை மட்டும் சொல்கிறேன். நாய்க்குச் சாதாரண உடல் சூடு 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேல் என்று ஆகி, நடை தள்ளாடினால் உடனே சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறிக்கொண்டே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். ஈரத் துணியைப் போட்டு மூடி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

வெறிநாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் ஊசியும் போட்டாச்சா என்று அட்டையைப் பாருங்கள். உண்ணிக்கு மருந்து புறப்படும் முன்பே. பாசமாகக் கூப்பிட்டு மிச்சக் குழம்பை ஊற்றுகிற ஆச்சிகள் நம் ஊரில் அதிகம். செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் அள்ளிப் போட்டிருப்பார்கள், நாயின் ரத்தத்துக்கு அது விஷம். தயிர்சாதம் கேட்டு வாங்குங்கள், உப்பில்லாமல்.

கண்டனூர்_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. பூமா என் அம்மா வீட்டுக்கு. அதை இவரிடம் சொன்னதும் அரை நாள் பேச்சில்லை, அப்புறம் அவரே அம்மாவுக்குப் போன் போட்டார். இப்போது புதுசாக, ஒரு நாள் தொண்டிக் கடற்கரைக்குப் போகலாம் என்கிறார். ராத்திரி நிறுத்துகிற கேள்வி இன்னும் பாக்கி.

பொட்டல்காட்டான்:

தொண்டி நல்ல யோசனை. தேவகோட்டை வழியாக ஒன்றரை மணி நேரம் போதும். பாக் விரிகுடாப் பக்கம் பெரிய அலை அடிக்காது, கருப்பன் முழங்கால் தண்ணீரில் நிற்கலாம். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். ஆனாலும் நாட்டுப் படகுக்காரர்கள் கழித்துப் போட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதை நாய் வாயில் வைத்தால் பிழைப்பது கஷ்டம், வாயைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

ராத்திரிக்குக் கண்மாய்க் கரையும் வேண்டாம், அய்யனார் கோயில் பொட்டலும் வேண்டாம். தெரியாத வண்டி நின்றால் ஊர்க்காரர்கள் டார்ச் அடித்துக்கொண்டு விசாரிக்க வருவார்கள், கருப்பன் குரைப்பான், யாருக்கும் தூக்கம் இல்லை. பூர்வீக வீடு இருக்கிறதே, பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். பின்கட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் கிணறும் கழிப்பறையும் கைக்கெட்டும் தூரத்தில். பட்டாலையை (வீட்டுக் கூடம்) திறந்துவிடச் சம்மதித்தால் மதியம் கருப்பன் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வயிற்றை ஒட்டப் போட்டுப் படுத்துக்கொள்வான், ஃபேன் கூட வேண்டாம்.

சாவி வைத்திருக்கிற காவல்காரரிடம் நாய் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாளியும் கயிறும் சொந்தமாகக் கொண்டு வாருங்கள், பூட்டிக் கிடக்கிற வீட்டில் கிணற்று உருளை இருந்தால் கயிறு இருக்காது.