பெட்டி தள்ளுபவரை நோக்கியே நகர்வதாக விடை வருகிறது, பிழை எங்கே?

கேள்வி:
கிடைத்தளத்தில் 20 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி ஒன்று ஓய்வில் உள்ளது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². கிடைமட்டமாக 50 நியூட்டன் விசையால் தள்ளினால் முடுக்கம் எவ்வளவு என்பது கணக்கு. தரை தரும் செங்குத்து விசை 200 நியூட்டன் என்பதால், உராய்வை 0.4 × 200 = 80 நியூட்டன் என எடுத்துக்கொண்டேன். 50இலிருந்து 80ஐக் கழித்து 20ஆல் வகுத்தால் −1.5 மீ/வி² வருகிறது. அப்படியானால் பெட்டி என் மீதே வந்து மோத வேண்டும்! மூன்று முறை போட்டுப் பார்த்தும் அதே விடைதான்.

மறுமொழி 1:
80 நியூட்டன் என்பது ஓய்வுநிலை உராய்வின் உச்ச வரம்பு மட்டுமே. நீங்கள் தள்ளாதபோது உராய்வு சுழி. 10 நியூட்டனால் தள்ளினால் 10. 50 நியூட்டனால் தள்ளினால் 50. ஆகவே நிகர விசை சுழி, முடுக்கமும் சுழி. ஒரு செங்கல்லைச் சுருள்வில் தராசில் கோத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள்: கல் அசையாதிருக்கும்போதே முள் ஏறிக்கொண்டே போகும், கல் சறுக்கத் தொடங்கிய கணத்தில் சட்டென்று சற்றுக் கீழே இறங்கும். அந்த இறக்கம்தான் 0.4க்கும் 0.3க்கும் உள்ள வேறுபாடு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நான் தள்ளும் 50 நியூட்டனும் உராய்வின் 50 நியூட்டனும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால், இவற்றை நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் செயல்விசை, எதிர்விசை எனக் கொள்ளலாமா?

மறுமொழி 2:
கூடாது. பலரும் வழுக்கி விழும் இடம் இது. மூன்றாம் விதி கூறும் இணை எப்போதும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படும்; நீங்கள் குறிப்பிடும் இரண்டு விசைகளுமோ ஒரே பெட்டியின் மீது செயல்படுகின்றன. உங்கள் கை பெட்டியைத் தள்ளுவதற்கு இணை, பெட்டி உங்கள் கையைத் தள்ளுவது. தரை பெட்டியைப் பின்னோக்கி இழுப்பதற்கு இணை, பெட்டி தரையை முன்னோக்கி இழுப்பது. பெட்டியை மட்டும் தனியே வரைந்து, அதன் மீதுள்ள விசைகளை மட்டும் குறித்தால் இந்தக் குழப்பம் வராது.

கேள்வி கேட்டவர்:
வரைந்து பார்த்தேன், புரிந்தது. அடுத்த பகுதியில் 100 நியூட்டன் விசை. அது வரம்பைத் தாண்டுவதால் இயக்க உராய்வான 60ஐக் கழித்து, 40ஐ 20ஆல் வகுத்து 2 மீ/வி² எனப் பெற்றேன். சரியாக 80 நியூட்டனால் தள்ளினால் என்ன ஆகும்?

மறுமொழி 1:
உங்கள் 2 மீ/வி² சரி. 80இல் பெட்டி நகரும் தறுவாயில் நிற்கும். அந்நிலையில் லேசாகத் தட்டிவிட்டாலும் போதும். சறுக்கத் தொடங்கியதும் உராய்வு 60ஆகக் குறைந்துவிடுவதால், அதே 80 நியூட்டனிலேயே 1 மீ/வி² முடுக்கம் கிடைத்துவிடும்.